தம்பியிடம் கேட்ட கேள்வி

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்குத் தெருமுனையில் நைட்டிக் கடை. ராஜபாளையத்துக்கு நான் வாக்கப்பட்டு வந்த முதல் வாரமே, "என்ன ஏட்டி, வெளியே தலையக் காட்ட மாட்டியா?" என்று வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர். அவர் ஐந்து வேளையும் தொழுகிறவர். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோவிலில் விளக்குப் போடுகிறவள். இருபது வருடத்தில் எங்களுக்குள் சாமி பற்றி ஒரு தடவைகூடச் சண்டை வந்ததில்லை. குழம்பில் உப்புப் போடுவது பற்றித்தான் வந்திருக்கிறது.

நகராட்சித் தேர்தல் வந்தபோது, பின்தெருவிலிருந்து டீச்சர் எங்களைத் தேடி வந்தார். பணி ஓய்வு பெற்றவர். சர்ச்சில் பெண்கள் ஜெபக் கூட்டத்தை நடத்துபவர்.

"ஞாயித்துக்கெழம தோறும் ஆளுறவங்களுக்காக ஜெபம் பண்றோம். ஆனா அவங்க நம்ம வீட்டு வாசல்ல வந்து கும்பிடு போடுறப்ப ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறோம். எனக்கு அது உறுத்துது" என்றார்.

அவருடைய யோசனை எளிமையானது. வார்டில் நிற்கிற நாலு பேரையும் ஒரே இடத்துக்குக் கூப்பிட வேண்டும். கேள்வியைப் பெண்கள்தான் கேட்க வேண்டும். யாருக்கும் ஓட்டுப் போடச் சொல்லி நாம் வாய் திறக்கக் கூடாது. கொடி வேண்டாம், பொன்னாடை வேண்டாம், வேட்பாளர் செலவில் ஒரு வாய் காபிகூட வேண்டாம்.

கூட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் நாலு நாள் போனது. கோவில் மண்டபம் என்றால் ஒருவர் வரமாட்டார், சர்ச் வளாகம் என்றால் இன்னொருவர். கடைசியில் சத்துணவுக் கூடத்துக்கு முன்னால் இருக்கிற வேப்பமரத்தடி என்று முடிவானது. எந்தப் பிரார்த்தனையோடு ஆரம்பிப்பது என்றும் பேச்சு வந்தது. "அவங்கவங்க சாமிய அவங்கவங்க மனசுக்குள்ள கூப்பிடுவோம். சத்தம் போட்டாத்தான் கேக்குமா?" என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆளுக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக்கொண்டபோதுதான் சிக்கல் வந்தது. நாலு வேட்பாளர்களில் ஒருவர் அக்காவின் சொந்தத் தம்பி. பதவி இல்லாத காலத்திலும் நகராட்சி ஆபீஸில் அவர் சொல்லுக்கு மரியாதை உண்டு. எங்கள் தெருவுக்குக் குழாயில் ரெண்டு மணி நேரம் தண்ணீர் வரும். பின்தெருவுக்கு அரை மணி நேரம்தான். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை. நானும்தான் பேசியதில்லை. மாடித் தொட்டி நிறைந்து வழியும்போது மோட்டாரை நிறுத்துவதோடு என் யோசனையும் நின்றுவிடும்.

பின்தெருவில் இருப்பதால் அந்தக் கேள்வியை டீச்சர் கேட்பதாகத்தான் எழுதி வைத்திருந்தோம். அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இத நான் கேக்கேன்."

"வேண்டாங்க்கா. கூடப் பெறந்தவரு. நாலு பேரு முன்னால வச்சு..." என்றேன்.

"நாளைக்கு மறுமையில பின்தெருக்காரி ஒருத்தி என் முந்தானையப் பிடிச்சு, 'என் தண்ணியிலதான நீ குளிச்ச'ன்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்லுவேன்? அதுக்கு இது எம்புட்டோ தேவல."

டீச்சர் அக்காவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, தாளில் தன் பெயரை அடித்து அக்காவின் பெயரை எழுதினார்.

கூட்டத்தன்று நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெண்கள் அதிகம் வந்துவிட்டார்கள். நூற்பாலையில் ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்களும் இருந்தார்கள். நாலு வேட்பாளர்களும் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தெருவிளக்கு, குப்பை, பள்ளிக்கூடக் கழிப்பறை என்று கேள்விகள் போயின. அக்காவின் முறை வந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"தம்பி, ஒங்கிட்டத்தான் கேக்கேன். எங்க தெருவுக்கு ரெண்டு மணி நேரம் தண்ணி வருது. பின்தெருவுக்கு அரை மணி நேரம். எதுனால?"

அவர் சிரித்துச் சமாளித்தார். "அது வால்வு கோளாறுக்கா. சொல்லியிருக்கு."

"வால்வுக்கு என் வீட்டு வாசல் எப்படித் தெரிஞ்சுது? நான் ஒன் அக்காங்கிறதுனாலயா வருது? அப்படின்னா அந்தத் தண்ணி எனக்கு வேண்டாம். ஜெயிச்சா எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவு விடுவியா? அதச் சொல்லு."

பின்தெருப் பெண்கள் தம்பியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பியின் முகம் சிவந்துவிட்டது. "விடுவேன்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். கூட்டம் முடிந்ததும் அக்கா பக்கம் திரும்பாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அக்கா கடையைத் திறக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, காய்ந்த துணிகளை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வேறொரு வேட்பாளரின் ஆட்கள் கடைக்கு வந்தார்கள். "நேத்து கேட்டத எங்க மேடையில மைக்குல ஒரு தடவ சொல்லுங்கம்மா, போதும்."

"நான் உங்களுக்காகக் கேக்கல. ஜெயிச்சு வாங்க, உங்ககிட்டயும் இதையேதான் கேப்பேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் தம்பிதான் ஜெயித்தார். ரெண்டு மாதத்தில் தண்ணீர் முறை மாறியது. பின்தெருவுக்குக் கூடியது, எங்கள் தெருவுக்குக் குறைந்தது. எங்கள் தெருப் பெண்களே எங்களைத் திட்டினார்கள். "சும்மா இருந்த தண்ணியக் கெடுத்ததுக மூணும்" என்று என் மாமியார்கூட முணுமுணுத்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஆனால் தம்பி அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காவின் மகளுக்கு வளைகாப்புப் போட்டபோதுகூட மனைவியை மட்டும்தான் அனுப்பினார். அன்று அக்கா அடுப்படியில் நின்று அழுததை நான் மட்டும் பார்த்தேன்.

நோன்பு மாதம் வந்தது. நான் வாங்கி வந்த பேரீச்சம்பழத்தைக் கொடுக்க ஒரு நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருக்கும். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். அக்கா கஞ்சியை ஊற்றி அவர் முன்னால் வைத்தார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

முதல் வாய்க் கஞ்சி குடித்த பிறகு அவர் சொன்னார்: "வேற யாரு கேட்டிருந்தாலும் ஏதாவது பதில் சொல்லிட்டுப் போயிருப்பேங்க்கா. நீ கேட்டதுதான் தாங்கல."

"வேற யாரு கேட்டாலும் நீ ஏதாவது சொல்லிட்டுப் போயிருவ. அதான் நான் கேட்டேன்" என்றார் அக்கா. பிறகு, "வடை வைக்கட்டா?" என்றார். மூன்று வடை சாப்பிட்டார் அவர்.

எங்களுடைய சங்கதி எப்படியோ ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய்விட்டது. மடவார் வளாகம்தான் நான் பிறந்த இடம். அங்கே மார்கழியில் சேர்ந்து பாடுகிற பெண்கள், தங்கள் வார்டுக் கூட்டத்துக்கு எங்களையும் வரச் சொன்னார்கள். மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். அந்த வார்டுக்குக் கவுன்சிலர் என் சித்தப்பா மகன். பஸ்ஸில் வரும்போதே அக்காவும் டீச்சரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள்.

அங்கே வாறுகால் அடைத்துச் சாக்கடை தெருவில் ஓடியது. கவுன்சிலர் வீடு இருக்கிற பக்கம் மட்டும் சிமெண்ட் போட்டுச் சுத்தமாக இருந்தது. நான் எழுந்தேன். சின்ன வயதில் நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை அவன். "தம்பி, இந்த வாறுகால்..." என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பின்வரிசையிலிருந்து அக்கா கூப்பிட்டார்: "இன்னும் செத்த சத்தமாக் கேளு ஏட்டி!"

கூட்டமே சிரித்துவிட்டது. அவனும் சிரித்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேன்.