நான் திரும்பிய பக்கம்

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். கோபம் வந்தால் கையில் இருப்பதைத் தூக்கி எறிகிற ரகமில்லை நான். திரும்பி என் மனைவியைக் கேள்வி கேட்கிற ரகம். மிக்ஸி ஓடவில்லையா, "நீ என்ன பண்ண அத?" பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா, "நீ எதையாவது தொட்டியா?" பைக் சாவி என் சட்டைப்பையை விட்டு வெளியே போனதே கிடையாது. ஆனாலும் கேட்பேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக அவளும், "நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்று அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் இது சண்டைக் கணக்கிலேயே சேராது.

கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய காலி மனை ஒன்று இருந்தது. ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக வந்து, அந்தப் பக்கத்து நிலத்தை எல்லாரும் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்திருந்த காலம். மனையை வாங்கியவர்களுக்கு எங்கள் வீடும் சேர்ந்து வந்தால்தான் ரோட்டு முகப்பு கிடைக்கும். தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன், கொஞ்சம் சத்தமாகவே. பிறகு ஒரு நாள், நான் திருமுடிவாக்கத்தில் என் லேத் பட்டறையில் இருந்த நேரம் பார்த்து, இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்தார்கள், தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். அதில் ஒருவன் ஆறாவது படிக்கும் என் பெண்ணைப் பார்த்து, "பாப்பா இன்னா இஸ்கூலு? வேன்ல போவுதா, நடந்து போவுதா?" என்று கேட்டிருக்கிறான். போகும்போது என் மனைவியிடம், "சாருகிட்ட சொல்லும்மா, கோவப்படாம யோசிக்கச் சொல்லு. ஒரு பேஜாரும் இல்ல" என்றானாம். மறுநாள் காலை அவள் பெண்ணையும் நாலு செட் துணியையும் எடுத்துக்கொண்டு பல்லாவரத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அந்த வீட்ல எனக்குத் தூக்கம் வராது. வரும்னு தோணுறப்ப வரேன்" என்றாள்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள். இரண்டு மாதம் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, வாசலில் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து போய்ப் பார்த்தேன். பயந்துதான் இருந்தேன். பயமாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள முடியாததால் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். பட்டறையில் ஒருமுறை திருட்டு நடந்தபோது எழுதிப்போட்டு, நானே மறந்துவிட்டிருந்த துப்பாக்கி லைசென்ஸ் அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது. தெய்வமாகப் பார்த்து அனுப்பியது என்றுதான் எனக்குப் பட்டது.

அப்போது புதிதாக வந்திருந்த சின்ன பிஸ்டல் ஒன்றை பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கினேன். முப்பத்திரண்டு போர் குழல், உள்ளங்கைக்குள் பாதி மறைந்துவிடும். இடுப்பில் செருகிச் சட்டையை வெளியே விட்டால் ஒருவருக்கும் தெரியாது. நான் இரும்பைக் கடைந்து பிழைக்கிறவன். மேல்மூடி மாதிரி இருக்கும் அந்த ஸ்லைடு பின்னால் போய் முன்னால் வந்து உட்காரும் சுத்தத்தைப் பார்த்ததும் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

வாங்கிய வாரம் ஆயுத பூஜை. லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் மாலை போட்டு, வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் மணைமேல் பரப்பி வைத்தபோது, இதையும் நடுவில் வைத்தேன். ஆயுத பூஜைக்கு ஆயுதத்தை வைக்காமல் வேறு எதை வைப்பது என்று பட்டறையில் வேலை செய்கிறவர்களிடம் பெருமையாக வேறு சொன்னேன். ஸ்லைடின்மேல் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகவே அப்பினேன். அதன்மேல் குங்குமம். மறுநாள் பழைய துணியால் துடைத்து, பளபளப்பாகிவிட்டது என்று பெட்டிக்குள் வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை தாம்பரம் தாண்டி, கல்குவாரி ஓரமாக இருந்த ரேஞ்சில் சுட்டுப் பார்க்க ஏற்பாடு. முந்தின நாள் பல்லாவரத்துக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "நீயே வந்து பாரு. எனக்கு இது கைக்கு வருதா இல்லையான்னு உன் கண்ணால பாத்துக்க. பாத்துட்டு வீட்டுக்கு வரலாமா வேணாமான்னு நீயே சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி. பாத்துட்டு சொல்றேன்."

பெண்ணை அக்காவிடம் விட்டுவிட்டு அவள் ரயிலில் வந்தாள். தாம்பரம் ஸ்டேஷனில் பைக்கில் ஏற்றிக்கொண்டேன். ரேஞ்சு வாசலில், யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, தோட்டா போடாத பிஸ்டலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "சும்மா பிடிச்சுப் பாரு, பயம் போகும்." இரண்டு கையாலும் வாங்கி, எடை பார்ப்பதுபோல வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ரேஞ்சைப் பார்த்துக்கொண்டவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், வார்த்தையை அளந்து பேசுகிற மனிதர். பிஸ்டலை வாங்கி முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு, "புதுசா சார்? கொஞ்சம் டைட்டா இருக்கு. சுடச் சுட சரியாயிடும்" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு சார். இது கைல இருக்கறப்ப உடம்பு திரும்பக் கூடாது. சுடலைன்னாலும், சிக்கிக்கிட்டாலும், பூகம்பமே வந்தாலும் டார்கெட்டப் பாத்துக்கிட்டே பேசுங்க. நான் பக்கத்துலதான் நிப்பேன்."

"தெரியும் சார், மிஷினோட பொழங்கறவன்தான் நான்" என்றேன்.

தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அவள் அங்கே நின்றாள், நாலைந்து அடி தள்ளி, எனக்கு நேர் பின்னால். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வைத்துக்கொண்டாள். மேகசினில் ஐந்து தோட்டா போட்டுக்கொடுத்தார் அவர்.

முதல் தோட்டாவுக்கு உள்ளங்கை அதிர்ந்தது. பத்து மீட்டர் தள்ளி இருந்த அட்டையில் ஓரமாக ஒரு ஓட்டை விழுந்தது. இரண்டாவது உள்ளே வந்தது. மூன்றாவது நடுவட்டத்தைத் தொட்டது. அவர் "நல்லது" என்று மட்டும் சொன்னார். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. அடக்கிக்கொண்டேன். இன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் விளக்கு எரியும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

நாலாவதற்கு விசையை இழுத்தேன். ஒன்றும் இல்லை. கிளிக் சத்தம்கூட இல்லை. விசை செத்துப்போய்க் கிடந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது. காது சூடாகிவிட்டது.

திரும்பினேன்.

"ஏய், வாசல்ல குடுத்தப்ப நீ எத அழுத்தின?"

கேட்டு முடிக்கும்வரை என் கையில் பிஸ்டல் இருப்பது எனக்கு நினைவில்லை. உடம்பு திரும்பியபோது கையும் கூடவே திரும்பியிருந்தது. அது அவள் வயிற்றுக்கு நேராக இருந்தது. அவள் நகரவில்லை. கத்தவும் இல்லை. அடுப்பைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஞ்சு வைத்த காதில் நான் கேட்டது விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் அவள் வாய் அசைந்தது. நான் ஒண்ணும் பண்ணலீங்க.

அடுத்த நொடி அந்த மனிதரின் கை என் மணிக்கட்டில் விழுந்தது. முறுக்கவில்லை, அடிக்கவில்லை. இரும்புப் பிடியாகப் பிடித்து, கையைத் தாழ்த்தி, என்னையும் சேர்த்து டார்கெட் பக்கம் திருப்பி, பிஸ்டலை விரல்களிலிருந்து கழற்றினார்.

அவர் அதை முன்பக்கம் பார்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து கவனித்தார். "ஸ்லைடு முழுசா மூடல சார். ஒரு நூல் அளவு இடைவெளி நிக்குது." கட்டைவிரலால் அதன் பின்பக்கத்தை ஒரு தள்ளு தள்ளினார். டக் என்று உட்கார்ந்தது. அட்டையைக் குறிவைத்து விசையை இழுத்தார்.

வெடித்தது.

பஞ்சு இருந்தும் அவள் தோள் துள்ளியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அதுவரை அது சுடாத துப்பாக்கி என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். கட்டைவிரலின் ஒரு தள்ளுதான் பாக்கி இருந்திருக்கிறது.

மேகசினைக் கழற்றி, குழலுக்குள் ஏறியிருந்த கடைசித் தோட்டாவையும் எடுத்துவிட்டு, ஸ்லைடைப் பிரித்து வெள்ளைத் துணியால் அதன் பள்ளத்தைத் துடைத்தார். எண்ணெயோடு குழைந்து, இறுகிப்போன சந்தனம் வந்தது. துணியில் குங்குமத்தின் சிவப்பும் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சாமி கும்பிட்டது தப்பில்ல" என்றார். "இனிமே இங்க நீங்க சுட வேணாம் சார். மன்னிச்சுக்கங்க."

ஸ்டேஷன் வரைக்கும் அவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அன்று பிடித்தது பைக்கின் கம்பியை. என்ன சொல்வது என்று தெரியாமல், "வெயில் ஜாஸ்தி" என்றேன். பைக்கை ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுவிட்டு நானும் அவளோடு பிளாட்பாரத்துக்கு வந்தேன். பிஸ்டல் பெட்டி என் தோள்பையில் இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"திரும்பினப்ப விரல் எங்க இருந்துச்சு?"

வெளியே இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெரியவர் நின்ற இடத்தில் இருந்து அவருக்கே சரியாகத் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும்தான் தெரியும். விரலின் உள்பக்கத்தில் விசையின் வளைவு இன்னும் இருப்பதுபோலவே இருந்தது.

"உள்ளதான்" என்றேன். "ட்ரிகர் மேலதான் இருந்துச்சு."

அவள் தலையை ஆட்டினாள். பீச் போகும் வண்டி வந்தது. சனிக்கிழமை மத்தியானம் என்பதால் இடம் இருந்தது. எதிரெதிராக உட்கார்ந்தோம். சானட்டோரியம் போனது, குரோம்பேட்டை போனது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இனி வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து திறந்து மூடினேன். அந்த வார்த்தையை அவளிடம் சொல்லிப் பழக்கமே இல்லை எனக்கு.

பல்லாவரம் நெருங்கும்போது எழுந்து நின்று புடவையைச் சரி செய்துகொண்டாள்.

"வாங்கின கடையிலயே அத திருப்பிக் குடுத்துட முடியுமா?"

"டெபாசிட் பண்ணலாம். வாங்கி வெச்சுப்பாங்க."

"குடுத்துட்டு வாங்க. நான் பாப்பாவ கூட்டிக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போறேன்."

எனக்குப் புரியவில்லை. "அந்த ஆளுங்க வந்தா?" என்றேன்.

வண்டி நின்றது. கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவங்க வந்தா கதவ சாத்திக்குவேன்" என்றாள். "நீங்க வந்தா தொறந்துதானே ஆகணும்."

சொல்லிவிட்டு இறங்கினாள். நான் இறங்கவில்லை. கடை மூடுவதற்குள் போயாக வேண்டும்.