மூன்றாம் தூணின் வல்லூறு

ராய்ஸ் நீமிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அமெரிக்காவின் டுலூத் துறைமுகப் பாலத்தில் இரும்புச் சட்டங்களை ஏற்றிப் பொருத்தும் குழுவுக்கு அவர்தான் மேஸ்திரி. தன் இடுப்புக் கயிற்றின் கொக்கியை அடுத்தவர் மாட்டிவிட்டால், அதை ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் ஏறமாட்டார். அப்படிப்பட்டவர் தலைக்கு மேலே கம்பெனிக்காரர்கள் டிரோனைப் பறக்கவிட்டால் சும்மா இருப்பாரா?

"வேலை எவ்ளோ முடிஞ்சிருக்குன்னு பாக்கத்தான் சார்" என்றாள் அதை ஓட்ட வந்த கெல்சி.

"வேலையப் படம் எடுக்குற கேமரா ஆளுங்கள மட்டும் விட்டுருமாக்கும்?"

அவருடைய கவலையெல்லாம் மனைவியின் அண்ணன் வெண்டலைப் பற்றித்தான். முழங்கால் தேய்ந்து, காலை இழுத்து நடக்கிறார். இந்தப் பனிக்காலம் வரை ஓட்டிவிட்டால் முழு ஓய்வூதியம் கிடைக்கும்; அதற்குள் கம்பெனி கண்ணில் பட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் மூன்றாம் தூணில், உட்கார்ந்தபடியே போல்ட் முறுக்கும் வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார் ராய்ஸ்.

டிரோன் அந்தப் பக்கம் திரும்பியதும் ராய்ஸ் கையை ஆட்டிக் கத்தினார்.

"அங்க போகாதம்மா! வல்லூறு கூடு கட்டியிருக்கு. கொத்திக் கீழ தள்ளிரும்!"

பாவம், அந்தப் பெண் நம்பிவிட்டாள். டிரோனை உடனே இறக்கினாள். அன்று ராய்ஸ் இரண்டாவது காப்பியும் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை மூன்றாம் தூணைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தது. வல்லூறு பாதுகாக்கப்பட்ட பறவை; கூடு இருப்பதாகத் தெரிந்தால் வனவிலங்குத் துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. கெல்சி சொல்லிவிட்டாள். வனவிலங்கு அதிகாரி தொலைநோக்கியோடு நின்றார்.

"டிரோன் மட்டுமில்ல, சுத்தியல் சத்தமும் ஆகாது. முழுசாப் பாத்து முடிக்கிற வரைக்கும் இங்க வேலை கிடையாது."

ராய்ஸ் அதிகாரியிடம் ஓடினார். "சார், அங்க கூடே இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து இருக்குன்னீங்க. வேலை நின்னதும் இல்லங்குறீங்க. எதை நம்புறது?"

வாழ்நாளெல்லாம் அவர் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது. தாங்க முடியவில்லை.

மதியமே குழுவை, ஆட்களை வேலைக்கு அனுப்பும் தொழிற்சங்கத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். வெண்டல் ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், வேற சைட்ல போட்டுருவாங்க, கவலைப்படாதீங்க" என்றார் ராய்ஸ்.

"போடுவாங்க மாப்ளே. அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. அவன் மொதல்ல முட்டியத்தான் மடக்கச் சொல்லுவான்."

ராய்ஸ் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். வெண்டல் கொடுக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டே வண்டியை நோக்கி நடந்தார்.