பாதி வட்டம்

தங்கை ஜெயித்தவற்றை வரிசையாகச் சொன்னால்: மழலையர் பள்ளியில் நிரந்தர வேலை, வகுப்பறைக்குள் அவளுக்கென்று ஒரு முக்காலி, பத்தொன்பது பிள்ளைகள் சேர்ந்தாற்போல் பன்னிரண்டு நிமிடம் கவனம் கலையாமல் எழுதியது. மூன்றாவதை வீட்டில் யாரும் நம்பவில்லை. ஒன்றாம் வகுப்பில் அவளே மூன்று மாதத்துக்கு மேல் உட்காரவில்லையே! வீட்டில் அவளுக்குச் ‘சக்கரம்’ என்றுதான் பெயர்.

நாற்பத்தோரு வயதில் ஆயாவாகச் சேர்ந்தாள். கூட்டுவது, மூக்குத் துடைப்பது, பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போவது. வருகைப் பதிவேட்டில் கைநாட்டு. ஒன்பதாம் மாதம் தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஆகஸ்ட் ஆறுலேர்ந்து எல்லாரும் கையெழுத்துதான் போடணும். போட்டா வேலை நிரந்தரம். தெரியாதவங்கள வச்சுக்க முடியாதும்மா."

இருந்தது ஆறே வாரம். ஐந்தாவது வரை படித்த அக்கா சிலேட்டோடு உட்கார வைத்தாள். ஒரு எழுத்து முடிவதற்குள் சக்கரம் துணி மடிக்கப் போய்விட்டாள்.

"ஏண்டி, முள்ளு மேலயா உட்கார்ந்திருக்க?"

"காலு தானா போகுதுக்கா."

"வேலையும் தானா போயிடும், பாத்துக்கோ."

இரண்டு துணி மடித்ததும் அவளே திரும்பி வந்தாள். வால் போடாமல் விட்ட ‘ழ’ மனதை அரித்தது. முழுசாக முடித்த எழுத்தை விட்டுப் போனபோதெல்லாம் திரும்பியே பார்க்கவில்லை. அன்றிலிருந்து எழுந்தால் பாதி எழுத்தில்தான் எழுந்தாள்.

வகுப்பில் டீச்சர் கத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகளோ அவிழ்த்துவிட்ட நெல்லிக்காய் மூட்டை. வட்டம் போடச் சொன்ன தாள்கள் தரையில் கிடந்தன. எல்லாரிலும் மோசம், நான்கு வயது வாயாடி. அவள் பக்கத்தில் சக்கரம் குந்தினாள்.

"பாதி வட்டம் போடு கண்ணு. அப்புறம் போய்ச் சுவரத் தொட்டுட்டு வா."

"எழுந்திரிக்க விட்டா எவ திரும்பி வருவா, ஆயாம்மா?" என்றார் டீச்சர்.

"அந்தப் பாதி கூப்பிடும் டீச்சர்."

வாயாடி சுவரைத் தொட்டாள். ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். அதற்குள் வாயாடி ஓடிவந்து உட்கார்ந்து வட்டத்தை மூடினாள்.

மற்றப் பிள்ளைகளுக்கும் அதையே சொன்னாள். எல்லாரும் அப்படி வந்துவிடவில்லை. இரண்டு பேர் குழாயடிக்குப் போய்ச் சட்டையை நனைத்துக்கொண்டு நின்றார்கள். ஆனாலும் நான்காம் வாரம், பத்தொன்பது பேரும் எழுதிக்கொண்டிருக்கச் சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் ஓடியது. டீச்சரே முக்காலியை இழுத்துப் போட்டார். "அதுங்க எழுதறப்ப நீங்களும் எழுதுங்க."

எழுதினாள். வாயாடி எட்டிப் பார்த்தாள். "ஆயாம்மா, உன் எழுத்து குண்டா இருக்கு."

"எழுதறவ மட்டும் ஒல்லியா என்ன?"

குறித்த நாளில் தலைமையாசிரியை பதிவேட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். பேனா இரண்டு தரம் தாளில் சிக்கியது. அவள் பெயரின் ஐந்து எழுத்தும் கட்டத்தை மீறி டீச்சரின் கட்டத்துக்குள் போய்விட்டன.

"இருக்கட்டும், என்னோடத நான் சுருக்கிப் போட்டுக்கறேன்" என்றார் டீச்சர்.

2018 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை.