தோல் தைக்கப் பழகிய வருஷம்

அம்மா போன பிறகு வாரநாட்களை எப்படியோ தள்ளிவிட்டேன். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். காலையில் போனால் இருட்டித்தான் வீடு திரும்புவேன். சனிக்கிழமைதான் சிரமம். அப்பா பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பார். நான் துணி துவைத்து மாடியில் காயப்போடுவேன். அதன்பிறகு வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம் என்பதே இருவருக்கும் பாரமாகிவிடும். அம்மா இருந்தவரை நாங்கள் இருவரும் அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண் ஒரு நாள், "கோரமங்கலாவுல தோல் வேலை கத்துக்குடுக்கறாங்க, சனிக்கிழமை மட்டும்தான், வரியா?" என்று கேட்டாள். பர்ஸ், கார்டு வைக்கும் உறை மாதிரி சின்னச் சின்னதாக நம் கையாலேயே தைக்கலாமாம். சரி என்றேன். எதற்காகச் சரி என்றேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை.

என் அப்பாவின் அப்பா செருப்பு தைத்தவர். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கோணி விரித்து உட்கார்ந்து முப்பது நாற்பது வருஷம் தைத்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. அப்பாவும் அவரைப் பற்றிப் பேசியதில்லை. எல்லாம் அம்மா சொல்லித் தெரிந்ததுதான். சொல்லிவிட்டு, "அப்பாகிட்ட போய் இதெல்லாம் கேட்டுட்டு இருக்காத" என்பாள். அப்பா படித்து, ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, சூப்பர்வைசராக ரிட்டயர் ஆனவர். நீலசந்திராவில் இருந்த வீட்டை விட்டு, எங்களை யாருக்கும் தெரியாத ஆனேக்கல் ரோட்டுப் பக்கம் குடிவந்ததும் அவர் முடிவுதான். உன் ஆபீஸுக்குக் கிட்டே என்று எனக்குக் காரணம் சொன்னார்.

வகுப்பு ஒரு காப்பிக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. நீளமான மர மேஜை, அதைச் சுற்றி பத்துப் பேர். எல்லாரும் என்னைப் போல ஆபீஸ் வேலைக்காரர்கள். சொல்லிக்கொடுத்தவன் என்னைவிடச் சின்னவன், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று விட்டு இழுக்க வேண்டும். இரண்டு கையும் ஒரே அளவு இழுத்தால்தான் தையல் சாய்வாக, வரிசையாக விழும்.

எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. இந்தக் கைக்குத் தோல் வேலை தெரிந்திருக்கும், ஊசியை எடுத்ததுமே வந்துவிடும் என்று. வரவில்லை. அன்று அந்த மேஜையில் எல்லாரையும்விட மோசமான தையல் என்னுடையதுதான். முன்பக்கம் ஏதோ நேராக இருந்தது. திருப்பினால் குடித்தவன் நடந்துபோன மாதிரி கோணல். "ஓட்டை போடும்போது குத்தூசியைச் சாய்க்கறீங்க, நிமிர்த்திப் பிடிங்க, பழகிடும்" என்றான் அவன். பக்கத்து சீட்டுக்காரி முதல் நாளே அழகாகத் தைத்து, போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். அதை நூறு பேர் பாராட்டினார்கள். நான் என்னுடையதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். அவர் வாங்கிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்க வாங்கின?"

"நானே தெச்சதுப்பா. கிளாஸ் போறேன்."

திரும்பக் கொடுத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும்.

நான் விடவில்லை. வீட்டிலேயே பழகுவதற்குக் கத்தி, குத்தூசி, நூல், மெழுகு எல்லாம் வாங்கி ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டேன். பை தைக்கும் பட்டறை ஒன்றில் வெட்டி மிச்சமான துண்டுத் தோலை எடை போட்டுக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஹாலில் உட்கார்ந்து, அந்தத் துண்டுகளில் வெறும் கோடு கோடாகத் தைத்தேன். கீழ் வீட்டுக்குச் சத்தம் கேட்காமலிருக்க, ஓட்டை தட்டும்போது அடியில் பாயை மடித்துப் போட்டுக்கொள்வேன். நான் பெட்டியைத் திறந்ததும் அப்பா ஜன்னல்களைச் சாத்திவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். சித்திரை வெயிலிலும் போனார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை படிந்தது. ஓரத்தைக் கத்தியால் சீவி மெல்லிசாக்கும்போது தோல் கிழியாமல் நின்றது. வெட்டிய விளிம்பில் தண்ணீர் தொட்டு, மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து, அது கண்ணாடி மாதிரி மின்னும் வரை நிறுத்தாமல் இருக்கப் பழகினேன். அம்மா ஞாபகம் வராத நேரம் என்று ஒன்று எனக்குக் கிடைத்தது அதில்தான். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு கூடு தைத்துக் கொடுத்தேன். "நல்லாருக்கு" என்று வாங்கி அலமாரியில் வைத்தார். கண்ணாடி பழைய பிளாஸ்டிக் டப்பாவிலேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே குடியிருந்த வீட்டு ஓனரம்மா தண்ணி மோட்டார் விஷயமாக மேலே வந்தார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏனு வாஸனெ இது?" என்ன நாற்றம் இது என்று கன்னடத்தில் கேட்டு மூக்கைச் சுருக்கினார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். கன்னடத்திலேயே, "ஆபீஸ்ல ஏதோ பிராஜெக்ட் குடுத்திருக்காங்க மேடம், இன்னியோட முடிஞ்சுது" என்றார்.

ஓனரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கேட்டார். "நீங்க ஃபேக்டரின்னு சொன்னீங்க. உங்க அப்பா என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"ரைதரு" என்றார் அப்பா. விவசாயி. "ஹொசூருக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்தது. ராகி போடுவாரு."

எங்களுக்கு எந்தக் காலத்திலும் ஒரு சாண் நிலம்கூட இருந்ததில்லை. ஆனால் தடுமாறாமல் சொன்னார். எத்தனையோ இடத்தில் சொல்லிப் பழகிய பதில் என்று கேட்டதுமே தெரிந்தது.

அந்தம்மா இறங்கிப் போனதும் எனக்குக் கோபம் வந்தது.

"எதுக்குப்பா பொய் சொன்னீங்க? என்கூட கத்துக்கறவங்க எல்லாரும் பால்கனில உக்காந்து தைக்கறாங்க. போட்டோ போடறாங்க. யாரும் எதுவும் கேக்கறதில்ல."

"அவங்க செஞ்சா அது ஹாபி. நாம செஞ்சா அதுக்கு வேற பேரு."

"எந்தக் காலத்துல இருக்கீங்க நீங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்கப்பா என்னை அவரோட ஊசிப் பொட்டியத் தொடவே விட்டதில்ல. ஒரே ஒரு நாள் ஊசிய எடுத்துப் பாத்தேன். கைல அடிச்சாரு. 'கை பழகிடும்டா, பழகிட்டா விடாது'ன்னாரு. அதனால எனக்கு ஒண்ணுமே தெரியாது, ஒரு வார் அறுந்தாக்கூட ஒட்டத் தெரியாது. அவரு செத்தப்புறம் அந்தப் பொட்டிய பஸ் ஸ்டாண்டுல அவருக்குப் பக்கத்துல உக்காந்து தைச்சவர்கிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன். திரும்பிப் பாக்கல." என் பெட்டியைப் பார்த்து, "நீ காசு கட்டிப் போய்க் கத்துக்கற" என்றார்.

கத்தியையும் ஊசியையும் எடுத்துவைத்துப் பெட்டியை மூடினேன். அடுத்த வாரம் அதை வகுப்பு நடக்கும் மாடியிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

வீட்டு அக்ரிமெண்ட் முடிகிற சமயத்தில், தன் மகன் குடும்பத்தோடு வருகிறான், வீடு வேண்டும் என்றார் ஓனரம்மா. நிஜமாகவே வந்தானா என்று தெரியாது. விசாரிக்க எங்களுக்கு மனமில்லை. வேறு வீடு பார்த்தோம். பார்க்கப் போன இடத்திலெல்லாம், கேட்கும் முன்பே, அப்பா ராகி நிலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு வீட்டில் அதோடு கூட ஒரு கிணறும் வந்தது. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

புது வீட்டுக்கு வந்தபின் அவர் இன்னும் ஒடுங்கிப்போனார். பேப்பரும் பாதியிலேயே மடங்கிவிடும். நான் சனிக்கிழமை காலையில் கிளம்பி சாயங்காலம்தான் வருவேன். எங்கே போகிறேன் என்று அவர் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை. என் தையல் நேரானதும் நான் வீட்டில் இல்லாமல் போனதும் ஒரே சமயத்தில் நடந்தன.

போன மார்கழியில், கற்றுக்கொடுப்பவன் எங்கள் வேலைகளை ஒரு சந்தையில் மேஜை போட்டு வைத்தான். எட்டு மாதமாக நான் தைத்த தோள்பை ஒன்றை நடுவில் வைத்திருந்தான். "உங்க வீட்ல இருந்து யாரையாவது கூப்பிடுங்க" என்றான். அப்பாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு ரெடியாக இருந்தார்.

வந்தார். மேஜைக்குப் பக்கத்தில் வரவில்லை, எதிரே செடி விற்கிற கடையருகில் நின்றார். ரொம்ப நேரம் கழித்துக் கூட்டம் குறைந்ததும் வந்தார். தோள்பையைக் கையில் எடுத்தார். தையலின் மேல் விரலை ஓட்டினார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அவர் முகம் ஏதோ சொல்ல வருவது போல ஆனது.

என்னோடு நின்றிருந்த பக்கத்து சீட்டுக்காரி, "அங்கிள், நீங்க இவங்களோட அப்பாவா?" என்று தமிழில் கேட்டாள்.

"இல்லம்மா, சும்மா பாக்க வந்தேன்" என்றார் அப்பா.

பையை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்துவிட்டு வாசல் பக்கம் நடந்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மேஜை விரிப்பைச் சரிசெய்தேன்.

சாயங்காலம் வெளியே வந்தபோது பஸ் ஸ்டாப்பில் காத்துக்கொண்டிருந்தார். ஒன்றாகத்தான் ஏறினோம். கண்டக்டர் எனக்குப் பெண்களுக்கான இலவச டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அப்பாவுக்குக் காசு கொடுத்து வாங்கினேன். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வண்டி நகரவே இல்லை. "நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா..." என்று ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன். அவர் வெளியே நிற்கிற வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"சாப்ட்டேன்ப்பா" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.