அப்பாவின் காற்றுக் குழாயும் என் கல்யாணமும்

இன்று காலை எங்கள் வீட்டு சைக்கிள் பம்பின் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது.

(வீட்டில் சைக்கிளே கிடையாது!)

எண்பதுகளில் ஆரம்பித்த வினை இது. கப்பலில் ஃபிட்டராக இருந்த அப்பா, ஏதோ ஒரு குளிர் நாட்டு வீட்டில் பார்த்துவிட்டு வந்து, தென்காசியில் எங்கள் வீட்டுக் கூரையிலும் குழாய் ஓட்டி ஸ்பிரிங்க்ளர் மாட்டினார். தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் கொட்டும். ஆனால் குழாய்க்குள் தண்ணீர் நிற்காது, காற்றுதான் நிற்கும். தீயின் சூட்டில் குழாயின் மூக்கு திறந்து காற்று வெளியேறினால், வால்வு திறந்து டேங்க் தண்ணீர் பின்னாலேயே வரும்.

"எதுக்குங்க காத்து?" என்றாள் அம்மா.

"தண்ணி நின்னா பனியில உறைஞ்சிரும்லா."

"தென்காசியிலயா?"

"சிஸ்டம்னா சிஸ்டம்தான்!"

அந்தக் காற்றை அடிப்பது நான். தினமும் காலையில் இருநூறு அடி.

"ஏட்டி, மீட்டர் முள்ளு இறங்கிட்டு, பம்ப எடு!"

பரீட்சை, காய்ச்சல், எதற்கும் லீவு இல்லை. எனக்குக் கல்யாண ஆசை வந்ததே இந்தப் பம்பிடமிருந்து தப்பிக்கத்தான். சத்தியமாக!

வீரகேரளம்புதூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சாரல் சீசன் என்பதால் வருகிற வழியில் இல்லாவிட்டாலும் குற்றாலத்தில் ஒரு குளியல் (முதலில் அருவி, அப்புறம்தான் பெண்!). வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா ஈரத் துண்டுகளை எட்டி ஸ்பிரிங்க்ளர் மூக்கில் மாட்டினார்.

"துணி காயப்போட நல்ல வசதி பண்ணிருக்காவ."

கிளம்பும்போது துண்டை வெடுக்கென்று இழுத்தார். மூக்கும் சேர்ந்து வந்தது. உஸ்ஸ்ஸ்!

"ஐயோ, பாம்புலா சீறுது!"

எல்லோரும் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள்.

"பாம்பு இல்ல மதினி, காத்து! காத்து போனா தண்ணி..." என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் தண்ணீரே வந்துவிட்டது.

கேசரி மிதந்தது. கல்யாணம் போச்சு, இன்னும் எத்தனை வருஷம் பம்பு அடிக்கணுமோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளை மட்டும் நனைந்த சட்டையோடு வால்வு பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, காத்து போயி எத்தன செகண்டுல தண்ணி வந்துச்சு?"

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த வாரமே நிச்சயம்.

பிறகு வடகரையில் வீடு கட்டினோம். பால் காய்ச்சுவதற்கு முன்பே இவர் குழாய் மாட்டிவிட்டார்.

"மாமா சிஸ்டம்லா! காத்து நீ அடி. உனக்குத்தான் பழக்கம் இருக்கே."

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தீப்பிடிக்கவில்லை. என் தோள்பட்டைதான் போனது.

இன்று பம்பு உடைந்ததும் ஒரு நிமிஷம் நிம்மதியாக உட்கார்ந்தேன். அதற்குள் இவர் செருப்பை மாட்டிவிட்டார், தென்காசிக்குப் போய்ப் புதுசு வாங்க.

யாருக்காவது இந்த சிஸ்டம் வேண்டுமா, மக்களே? குழாய், வால்வு, மீட்டர் எல்லாம் இலவசம்.

இவரையும் சேர்த்தே அனுப்பி வைக்கிறேன்!