வட்டம் விழாத தட்டு

என் மேசை இழுப்பறையில் அண்ணனின் கத்தரிக்கோல் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியில் அவர் நடத்திய மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளை வெட்டிய கத்தரிக்கோல். "ரெண்டு நாளைக்குக் குடுங்க அண்ணாச்சி" என்று வருவோருக்கு, சீட்டில் ஏழு நாள் என்றிருந்தாலும், இரண்டு நாளைக்கே வெட்டுவார். நான் பாளையங்கோட்டையில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் தடுப்பேன். வெட்டுவதை நிறுத்தாமலே சிரிப்பார். "காய்ச்சல் விட்டுட்டுன்னா பொறவு எதுக்குலே முழுங்கணும்? ஒன் கிருமிக்குப் பாடம் நடத்து, போ."

ஒருமுறை அவரை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, கிருமி படர்ந்த தட்டொன்றைக் காட்டினேன். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தோய்த்த காகித வில்லையைச் சுற்றி, கிருமி வளராத தெளிந்த வட்டம் விழுந்திருந்தது. ஒரு பூஞ்சையைச் சுற்றி இப்படியொரு வெற்றிடத்தை ஒருவர் கவனித்ததில்தான் இம்மருந்துகளின் வரலாறு தொடங்குகிறது என்றேன். அரைகுறையாகவும் தேவையின்றியும் விழுங்க விழுங்க, பிழைத்த கிருமிகள் பெருகி, இந்த வட்டம் சுருங்கிவிடும் என்றும் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். மறுநாளும் வெட்டினார்.

அதைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. இதே பொருளில் உரையாற்ற ஊரிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட காலையில் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அண்ணன் கடையில் இறங்கி, நாலு மாத்திரை போதும் என்றேன். அண்ணன் அட்டையை வெட்டியபடியே அங்கு நின்றவர்களிடம், "பாத்தியளா, புரொபசருக்கே நாலு போதுமாம்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சென்ற ஆண்டு, சர்க்கரை நோயால் அவர் காலில் புண் வந்தது. தனக்கும் இரண்டிரண்டாகவே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நஞ்சு இரத்தத்தில் ஏறிய பிறகுதான் மருத்துவமனையில் சேர்த்தோம். நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஆயினும் அவருடைய சீழிலிருந்து கிருமி வளர்த்த தட்டை நானே பார்க்க அனுமதி கேட்டேன். ஒவ்வொரு வில்லையின் விளிம்புவரையிலும் கிருமி படர்ந்திருந்தது. எதைச் சுற்றியும் வட்டமில்லை. வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தேன். பிறகு பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டுக் கைகழுவினேன்.

கட்டிலருகே போனபோது கண் திறந்தார்.

"வட்டம் விழுந்திருக்காலே?"

"விழுந்திருக்கு, அண்ணே."

"பெருசாவா?"

"பெருசுதான்."

என் வாழ்நாளில் அறிந்தே தவறாகச் சொன்ன சோதனை முடிவு அது ஒன்றுதான். மூன்றாம் நாள் அவர் போனார்.

போன மாதம் என் நுரையீரலில் தொற்று. மருத்துவர் எழுதிய ஏழு நாளும் விழுங்கினேன். தீர்ந்த அட்டையைக் குப்பையில் போடவில்லை. இழுப்பறையில், கத்தரிக்கோலின் பக்கத்தில் வைத்தேன். அதன் நான்கு ஓரங்களும் வெட்டுப்படாமல் இருக்கின்றன.