கப்பல் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டவள்

ஆந்திராவில், நகரிக்குப் பக்கத்திலிருக்கிற விஜயபுரத்துக்கு வந்து ஜெயம்மா வீடு எது என்று கேட்டால், "கப்பல்காரி அம்மா வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நாலு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லையும் நெல்வயலும் இருக்கிற ஊரில் கப்பலுக்கு என்ன வேலை என்று உங்களுக்குக் குழப்பம் வரலாம். வெட்கப்பட வேண்டாம். ஜெயம்மாவே பல வருஷமாக அதே குழப்பத்தில்தான் இருந்தாள்.

அவள் பிறந்தது கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில். அப்பாவுவுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். அப்பாவு நல்ல உழைப்பாளி, பேச்சில் மட்டும் மகா சோம்பேறி. அவனோடு சேர்ந்து கொல்லையிலும் கழனியிலும் பாடுபட்டாள். பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிற வேலையில் சேர்ந்தாள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, விசாரிக்க வரும் ஆபீசரிடம் இரண்டையும் கலந்து ஒரு தினுசு. யாருக்கும் பயப்படமாட்டாள். கொதிக்கிற அண்டாவைத் தனியாளாக இறக்கிவிடுவாள். வம்புக்கு வந்தவனை ஒரு பார்வையிலேயே வந்த வழிக்கு அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்டவள் வாயடைத்துப் போவது ஒரே ஒரு விஷயத்தில். அது மகள் நளினியின் உத்தியோகம்.

நளினி ஒரே பெண். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்தாள். படிப்பு முடிந்ததும் விசாகப்பட்டினத்தில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்தது. கடற்படைக்காகப் புதிதாக ஒரு ரகப் பெரிய போர்க்கப்பல்கள் கட்டப் போகிறார்களாம், அதற்குப் பிளான் போடுகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. ஜெயம்மா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். அடுத்த பொங்கலுக்கு மகள் வந்தபோது, கப்பல் எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டாள். கப்பல் இன்னும் இல்லை என்றாள் நளினி. அதற்கடுத்த பொங்கலுக்கும் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை.

ஊரில் மேஸ்திரி ஒரு குச்சியால் தரையில் கோடு கிழித்தானென்றால் அந்த வருஷமே வீடு எழும்பிவிடும். இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டரில் என்னத்தைக் கிழிக்கிறார்கள் என்று ஜெயம்மாவுக்கு விளங்கவில்லை. அதுவும் ஒரு கப்பல் இல்லையாம், ஒரே அச்சில் பல கப்பலாம். நெல்லில் புது ரகம் விடுகிற மாதிரி என்று அப்பாவு விளக்கம் சொன்னான். அவன் பேசியதே அதிசயம் என்பதால் ஜெயம்மா அதற்கு மேல் குடையவில்லை.

மகளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டுப் பார்த்தவள்தான். ஒரு தடவை நளினி போனில் எதையோ அவசரமாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஜெயம்மா குறுக்கே கேள்வி கேட்டதும், "உனக்குப் புரியாது, வுடுமா" என்றாள். மகள் கோபமாகச் சொல்லவில்லை. வேலை அவசரத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் பெற்றவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்கத் தைரியமில்லாமல் அன்றோடு கேள்வி கேட்பதையே ஜெயம்மா விட்டுவிட்டாள். "துன்னியா? தூங்கினியா?" என்ற அளவில் பேச்சு நின்றது.

இப்படியே போயிருந்தால் பாதகமில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஜெயம்மாவோடு சமைக்கிற ஷோபா வீட்டுக்கு வந்திருந்தாள். தெலுங்கு நியூஸ் சேனலில் புதிய போர்க்கப்பல்களைப் பற்றி ஒருவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். திரையில் பொம்மைக் கப்பல் ஒன்று அலையைக் கிழித்துக்கொண்டு போனது. அதன் முதுகிலிருந்து ஏவுகணைகள் எழும்பின. எதிர்ப்பக்கத்திலிருந்தும் சிவப்புக் கோடுகளாக ஏவுகணைகள் வந்தன. ஏதோ ஒரு கப்பல் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. மூழ்கியது யாருடையது என்று அந்த மனுஷர் சொல்லவில்லை, அல்லது சொன்னது ஜெயம்மாவின் காதில் ஏறவில்லை. உன் பெண்ணோட கப்பல்தானே இது என்று ஷோபா சாதாரணமாகக் கேட்டாள். ஜெயம்மா எழுந்துபோய் டிவியை அணைத்தாள்.

அந்த வாரமே நளினி போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"பிளான் பெரிய கமிட்டிக்குப் போய்க்கினு கீதுமா. ஓகே ஆயிட்டா கட்ட ஆரம்பிச்சுடுவாங்க. கப்பல் கடலுக்குப் போறப்போ நானும் அதுல போவேன். எனக்கோசரம் ஒரு காசு முடிஞ்சு வையேன்."

காசு முடிவது அந்தப் பக்கத்து வழக்கம். குளித்துவிட்டு வந்து, மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு காசை வைத்து முடிச்சுப் போட்டு, இன்னது நடந்தால் இன்னது செய்கிறேன் என்று ஏழுமலையானிடம் மனசுக்குள் சொல்லிக்கொள்வார்கள். காரியம் ஆனதும் மலைக்குப் போய் உண்டியலில் சேர்க்க வேண்டும். என்ன வேண்டிக்கொண்டாய் என்று காசு முடிந்தவரிடம் யாரும் கேட்பதில்லை. அது சாமிக்கும் அவருக்கும் உள்ள விவகாரம்.

சனிக்கிழமை காலையில் ஜெயம்மா தலைக்குக் குளித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். துணியை நனைத்தாள், காசை வைத்தாள். மகள் சொல்லச் சொன்னதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் கண்ணை மூடியதும் பிளந்துபோன அந்தக் கப்பல்தான் வந்து நின்றது. அதன் மேல்தட்டில் சுரிதாரும் தோள்பையுமாக நளினி நின்றாள்.

"அந்தக் கப்பலே வேணாம் சாமி. வராம பண்ணிடு. என் முடிய மொத்தமா குடுத்துடறேன்."

சொல்லி முடித்துவிட்டு முடிச்சை இறுக்கினாள். ஜெயம்மாவுக்கு நகை ஆசை கிடையாது, புடவை ஆசையும் கிடையாது. இடுப்புக்குக் கீழே தொங்கும் அந்தக் கூந்தல் ஒன்றுதான் அவளுடைய கர்வம். அதையே கொடுப்பதாகச் சொன்ன பிறகு மனசு லேசானது. மகளுக்குப் போன் போட்டு, முடிந்து வைத்துவிட்டேன் என்றாள். நளினி சந்தோஷப்பட்டாள். ஜெயம்மா அடுப்படிக்குப் போய் வெகுநேரம் ஒரு வேலையும் செய்யாமல் நின்றாள்.

கோடை தொடங்கியபோது நளினி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். பையைக் கூடத்தில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அப்பாவு பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல விசாரித்தான். டெல்லியில் அந்தப் பெரிய கமிட்டி பிளானைத் திருப்பி அனுப்பிவிட்டதாம். கப்பல் இன்னும் பெரிதாக வேண்டுமாம், இன்ஜினே வேறாம். அவள் இத்தனை வருஷம் வரைந்தது அத்தனையும் வீணாம். கூட வேலை செய்த பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தன்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை என்றாள்.

அடுப்படியில் நின்று இதைக் கேட்ட ஜெயம்மாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெண் பிழைத்தாள் என்று ஒரு பெரிய மூச்சு விட்டாள். அன்று நளினிக்குப் பிடித்த கடலைச் சட்னி அரைத்துத் தோசை வார்த்தாள். மகள் தட்டைத் தொடவில்லை. மறுநாளும் அப்படித்தான். பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டு அவள் அழுகிற சத்தம் வெளியே கேட்டது. சின்ன வயதில் கீழே விழுந்து கை முறிந்தபோதுகூட அந்தப் பெண் அப்படி அழுததில்லை.

ஜெயம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதைச் செய்தது பெருமாளா, டெல்லிக்காரர்களா? டெல்லிக்காரர்கள் என்றால் தான் முடி கொடுக்க வேண்டியதில்லை. பெருமாள் என்றால், மகளின் இத்தனை வருஷ உழைப்பைத் தன் கையாலேயே அல்லவா முடிந்து வைத்திருக்கிறாள்? கோயிலுக்கு ஆயிரம் பேர் ஆயிரம் கேட்கிறார்கள், போயும் போயும் தான் கேட்டதைத்தானா அவர் இத்தனை சுருக்கில் செய்ய வேண்டும் என்று அவர்மேலேயே கோபம் வந்தது. யாரிடமாவது கொட்டலாம் என்றால் ஆளில்லை. ஷோபாவிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அப்பாவுவிடம் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரி.

மலைக்குப் போகலாம் என்று சொன்னது நளினிதான். காரியம் ஆகாவிட்டாலும் சாமிக்கு முடிந்ததை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உண்டியலில் போட்டுவிட்டு வரலாம் என்றாள். இருவரும் நகரிக்குப் போய், அங்கிருந்து புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பஸ் ஏறினார்கள். ஜெயம்மா அன்று கூந்தலுக்குப் பார்த்துப் பார்த்து எண்ணெய் தடவிப் பின்னியிருந்தாள். வழி நெடுகப் பின்னலை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே வந்தாள்.

திருமலையில் இறங்கியதும் தரிசன வரிசைக்குப் போகாமல், முடி இறக்குகிற கல்யாணகட்டாவைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே ஓடிவந்த நளினி, இங்கே எதற்கு என்று கேட்டாள். வேண்டுதல் இருக்கிறது என்றாள் ஜெயம்மா.

"எனக்கோசரமா? கப்பல்தான் ஓகே ஆவலியேமா. ஆவாததுக்கு இன்னாத்துக்கு முடி?"

பொய் சொல்ல வழியா இல்லை? உங்க நைனாவுக்கு முழங்கால் வலி, அதற்காக வேண்டிக்கொண்டேன் என்றால் முடிந்தது விஷயம். ஆனால் மலைமேல் நின்றுகொண்டு, அதுவும் பெருமாளுக்குக் கேட்கிற தூரத்தில், ஜெயம்மாவுக்கு வாய் வரவில்லை.

"ஆவக்கூடாதுன்னுதான் வேண்டிக்கினேன்."

நளினி அப்படியே நின்றாள். மொட்டைத் தலைகளும் ஈரத் துணிகளுமாக ஜனங்கள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனார்கள். "ஏன்?" என்று கேட்டாள். டிவியில் பார்த்ததையும், பிளந்துபோன கப்பலையும், நானும் அதில் போவேன் என்று சொன்னாயே என்பதையும் ஜெயம்மா தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

"சண்டைக்கா? நானாமா? நான் தண்ணிக் குழா வரையறவ. கட்டி முடிச்சு ஓட்டிப் பாக்கறப்போ ஒரு நாளு ஏறுவேன். குழா எங்கனா ஒழுகுதான்னு பாத்துட்டு எறங்கிடுவேன்."

"ஒரே நாளா?"

"ஒரே நாளு. அதுக்கே இன்னும் பத்து வருசம் ஆவும்."

அப்படியானால் இனிமேல் அந்தக் கப்பல் வரவே வராதா என்று ஜெயம்மா கேட்டாள். வரும், ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டும், வேலையில் வைத்திருந்தால் நானே வரைவேன், இல்லாவிட்டால் வேறு யாராவது வரைவார்கள் என்றாள் நளினி. ஜெயம்மாவின் குழப்பம் இன்னும் கூடியது. கேட்டது கிடைத்ததா இல்லையா என்றே இப்போது புரியவில்லை. பாதி கிடைத்திருந்தால் பாதி முடி கொடுத்தால் போதுமா?

உள்ளே கத்தியோடு உட்கார்ந்திருந்த பெண் தெலுங்கில் கூப்பிட்டு, பூமுடியா மொட்டையா என்று கேட்டாள். நுனியில் மூன்று கத்தரிப்போடு நிறுத்திக்கொள்வதுதான் பூமுடி. ஜெயம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். நளினி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தமும் எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு ஜெயம்மா தலையைக் குனிந்தாள். தண்ணீர் தெளித்துப் பின்னலை அவிழ்த்ததும் அழுகை வந்தது. முடிக்காக இல்லை. ஒரு நாள் சவாரிக்காகத் தன் பெண் இத்தனை வருஷம் உட்கார்ந்து வரைந்திருக்கிறாள், அந்த ஒரு நாளைத்தான் பெற்றவளே வேண்டாமென்று கேட்டுக்கொண்டாள் என்பதற்காக.

"குடுக்கறேன்னத குடுத்துட்டேன். கேட்டத வாபஸ் வாங்கிக்கிறேன் சாமி. அவ கப்பல் வரட்டும்" என்று முணுமுணுத்தாள். அங்கே வாபஸ் வாங்குகிற வசதி உண்டா என்று அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

குளித்துவிட்டு வந்தபோது தலை காற்றுப் பட்டுக் கூசியது. நளினி சந்தனத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மாவைப் படியில் உட்காரவைத்து மொட்டைத் தலையில் பூச ஆரம்பித்தாள். கை தேவைக்கு அதிகமாகவே அழுத்தமாக விழுந்தது. கோபமா, அழுகையா, வேறெதுவுமா என்று ஜெயம்மாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"இனிமே பயம் வந்தா மொதல்ல எங்கிட்ட கேளு. புரியற வரைக்கும் சொல்றேன். அப்புறமா சாமிகிட்ட போ" என்றாள் நளினி.

ஜெயம்மா வேகவேகமாகத் தலையாட்டினாள்.

"ஆட்டாதமா. சந்தனம் கோணலா போவுது."